சாலைக்கும் பஸ்ஸுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, யாரிடம் எப்போது கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தெற்குப் புறநகரில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தில் ஒன்பது ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். சம்பளம் இல்லாத வேலை. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். பக்கத்துத் தெருக்காரர்களும் வேறு ஊர்ச் சங்கத்தினரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும்.

எங்கள் சாலை மூன்று வருடமாகக் குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. யாரிடம் போவது?

முதலில் அது யாருடைய சாலை என்று கண்டுபிடியுங்கள். இதைச் செய்யாமல் கொடுத்த மனுக்கள்தான் பாதிக்கு மேல் குப்பைக்குப் போகின்றன. நாங்களும் முதல் ஒன்றரை ஆண்டு இப்படித்தான் வீணடித்தோம். எங்கள் பிரதான சாலைக்காக உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஆறு மனு கொடுத்தோம். ஏழாவது முறை போனபோது அங்கிருந்த எழுத்தர் ஒருவர் இரக்கப்பட்டு, "சார், அது நம்ம ரோடே இல்லை, ஹைவேஸ் ரோடு" என்றார். ஆறு மனுவையும் வாங்கி முத்திரை குத்திய கை அவருடையதுதான்.

பிரிவினை இதுதான். தேசிய நெடுஞ்சாலை ஒன்றிய அரசுடையது. அதில் சில பகுதிகளைத் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையமும் சில பகுதிகளை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவும் பார்த்துக்கொள்கின்றன. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை ஆகிய மூன்றும் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. ஊராட்சிச் சாலையும் ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. மாநகராட்சிக்குள் பஸ் ஓடும் சாலைகளுக்கு ஒரு பொறியாளர் பிரிவும் உட்புறத் தெருக்களுக்கு வேறொரு பிரிவும் இருக்கலாம்.

ஊருக்கு வெளியே என்றால் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கருப்போ நீலமோ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. சுவரொட்டி ஒட்டி நிறம் மறைந்திருந்தால் கிழித்துப் பார்ப்பதில் தப்பில்லை.

ஊருக்குள் கல் இருக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரையுள்ள சாலை எந்தத் துறையின் பராமரிப்பில் உள்ளது, கடைசியாக எந்த ஆண்டு, எந்தத் திட்டத்தில், எவ்வளவு செலவில் போடப்பட்டது?" என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். எங்கள் சாலைக்கு அப்படி வந்த ஒற்றைத் தாள்தான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை.

வண்டி வாங்கும்போது ரோடு டாக்ஸ் கட்டினேனே, அந்தப் பணம் சாலைக்கு வருவதில்லையா?

பேச்சு வழக்கில்தான் அது ரோடு டாக்ஸ். சட்டத்தில் அது மோட்டார் வாகன வரி. தமிழ்நாட்டில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலாகிறது. 2023 நவம்பரில் விகிதங்கள் ஏறின: ஒரு லட்சம் ரூபாய் வரை விலையுள்ள புதிய இருசக்கர வாகனத்துக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். இந்தப் பணம் மாநில அரசின் தொகுப்பு நிதிக்குள் போய்விடும். அங்கே ஆசிரியர் சம்பளமும் ரேஷன் அரிசியும் கடன் வட்டியும் இருக்கின்றன, சாலையும் இருக்கிறது. நீங்கள் கட்டிய வரிக்கும் உங்கள் வாசலில் கிடக்கும் ஜல்லிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ஆனால் "டாக்ஸ் கட்டியிருக்கிறேன், ரோடு போடு" என்ற வாதம் ஒரு பொறியாளரையும் அசைத்து நான் பார்த்ததில்லை. "இந்தத் திட்டத்தின் கீழ் இந்தச் சாலைக்குத் தகுதி இருக்கிறது" என்று சொன்னால் நிமிர்ந்து உட்கார்கிறார்.

பெட்ரோலில் சாலைக்கென்றே செஸ் பிடிக்கிறார்களே?

பிடிக்கிறார்கள். செஸ் என்றால் ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று போடும் மேல்வரி. இது பழைய கதை. ஜெயகர் தலைமையிலான குழு 1920களின் இறுதியில் பரிந்துரைத்தபடி, 1929லேயே பெட்ரோல் கேலனுக்கு 2 அணா கூட்டி, அதைச் சாலைக்கென ஒரு நிதியாக ஒதுக்கினார்கள். சுதந்திர இந்தியாவில் 2000ஆம் ஆண்டு மத்திய சாலை நிதிச் சட்டம் வந்தது. 2018ல் அதன் பெயரை மத்திய சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதி என்று மாற்றினார்கள். அந்த ஆண்டு பட்ஜெட்டில் செஸ் லிட்டருக்கு 8 ரூபாய் ஆனது, பிற்பாடு பலமுறை மாறியது. 'உட்கட்டமைப்பு' என்ற சொல் சேர்ந்ததும் கதவு அகலத் திறந்துகொண்டது: பெரும்பாலும் சாலைக்கென்று இருந்த நிதியிலிருந்து குடிநீர் போன்ற துறைகளுக்கும் எடுக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒன்றிய அரசு வசூலிக்கும் வரிகளில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. பதினைந்தாவது நிதிக்குழு அதை 41 சதவீதம் என்று வைத்தது. ஆனால் அரசியல் சட்டத்தின் 270வது பிரிவுப்படி செஸ்ஸும் கூடுதல் வரியும் அந்தப் பங்கீட்டுக்குள் வரா. வரியைச் செஸ் ஆக்க ஆக்க மாநிலத்தின் பங்கு சுருங்கும். கட்சி வேறுபாடில்லாமல் எல்லா மாநில நிதியமைச்சர்களும் இதைப் புலம்புகிறார்கள். அந்தப் புலம்பலில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

மாநிலமும் சும்மா இல்லை. பெட்ரோலுக்கு 13 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் மதிப்புக் கூட்டு வரி. 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்த பிறகான கணக்கு இது. அதுவும் பொதுக் கல்லாவுக்குத்தான் போகிறது.

டோல்கேட்டில் கட்டுவது?

அது தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள், 2008ன் கீழ் வருகிறது. உங்கள் தெருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே சாலையில் ஒரே திசையில் இரண்டு சுங்கச்சாவடிகளுக்கு இடையே பொதுவாக 60 கிலோமீட்டர் இருக்க வேண்டும். விதிவிலக்குகளும் அதே விதியில் இருப்பதால் "சட்டவிரோதம்" என்று கொடி பிடிக்கும் முன் படித்துப் பாருங்கள். சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவரின் வணிகம் சாராத வாகனத்துக்குச் சலுகை மாதாந்திர பாஸ் உண்டு. கேட்டால்தான் தருவார்கள்; பலகையில் சின்ன எழுத்தில் இருக்கும்.

சாலை மோசமாக இருந்தாலும் டோல் கட்ட வேண்டுமா என்ற கேள்விக்கு 2025ல் கேரளத்தில் ஒரு பதில் வந்தது. சேலத்தில் தொடங்கிக் கோவை வழியாகக் கொச்சி போகும் 544ஆம் எண் நெடுஞ்சாலையில், இடப்பள்ளிக்கும் மண்ணுத்திக்கும் இடைப்பட்ட பகுதி படுமோசமாக இருந்ததால் பாலியேக்கரை சாவடியில் வசூலை நான்கு வாரம் நிறுத்தச் சொன்னது கேரள உயர் நீதிமன்றம். எதிர்த்துப் போன மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சாலை ஓரளவு சீரானதும் வசூல் மீண்டும் தொடங்கியது.

அப்படியானால் எங்கள் சாலைக்குப் பணம் எந்தப் பையிலிருந்து வரும்?

பைகள் நிறைய. எது பொருந்தும் என்பதுதான் கேள்வி. நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் ஒருங்கிணைந்த சாலை உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் என்ற தலைப்பில்தான் பெரும்பாலும் அகலப்படுத்துவதும் மேம்படுத்துவதும் நடக்கின்றன. கிராமச் சாலைக்கு, 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் உண்டு. இப்போது செலவு ஒன்றியம் 60, மாநிலம் 40. அந்தச் சாலையைப் போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும். ஊர் எல்லையில் நிற்கும் பலகையில் அந்தத் தேதி எழுதியிருக்கும். போகிற போக்கில் அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். நான்காம் ஆண்டில் குழி விழுந்தால் புதிய நிதி கேட்க வேண்டியதே இல்லை, பழைய ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும்.

சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. கேட்க நிறைய. ஒரு தொகுதிக்குள் எத்தனை பள்ளிக் கட்டடம், எத்தனை நிழற்குடை, எத்தனை ஆழ்குழாய் என்று எண்ணிப் பார்த்தால் உங்கள் சாலை வரிசையில் எங்கே நிற்கிறது என்று புரியும். நிழற்குடைக்குப் பெயர்ப் பலகை வைக்கலாம், குழியை மூடினால் பெயர் வைக்க முடியாது. இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நமக்கு நாமே திட்டம் என்று ஒன்று உண்டு. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். வசதியுள்ள நகர்களில் இது சீக்கிரம் நடக்கும். எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது: காசு போட முடிந்த தெரு முன்னால் போய்விடும், பக்கத்துக் குடிசைப் பகுதி அப்படியே கிடக்கும். எங்கள் சங்கத்தில் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்து, கடைசியில் பூங்காவுக்கு மட்டும் அந்த வழி, சாலைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

மனு கொடுக்க நல்ல காலம் எது?

மழை பெய்து தண்ணீர் நிற்கும்போதுதான் எல்லாருக்கும் சாலை ஞாபகம் வருகிறது. வடகிழக்குப் பருவமழையில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தார் போடவே முடியாது. ஆனால் மனுவுக்கு அதுதான் சரியான காலம். அடுத்த நிதியாண்டுக்கான முன்மொழிவுகளை அலுவலகங்கள் தயார் செய்வது ஏறக்குறைய அப்போதுதான். பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வரும். மே மாதம் போய், "இந்த வருடம் போடுங்கள்" என்றால், "நிதி இல்லை" என்ற பதில் பொய்யாக இருக்காது.

தண்ணீர் நிற்கும்போது ஒரு குச்சியில் அங்குலம் குறித்து நட்டுப் போட்டோ எடுங்கள். நாங்கள் ரேஷன் கடை முன்பு ஒரு பழைய கிரிக்கெட் ஸ்டம்பை நட்டோம். 9 அங்குலம், மூன்று நாள், ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு ஒரு படம். "வெள்ளமாகத் தேங்குகிறது" என்று ஐந்து வருடம் எழுதியதற்கு இல்லாத மரியாதை அந்த மூன்று படத்துக்குக் கிடைத்தது.

கிராமத்தில் என்றால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறு வாய்ப்பு. தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள். நகரங்களுக்குப் பகுதி சபை என்ற ஏற்பாட்டை 2022ல் கொண்டுவந்தார்கள். பல வார்டுகளில் அது கூடுவதே தெரியாது. எப்போது கூடுகிறது என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினாலே சில இடங்களில் கூடிவிடுகிறது.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

ஒரு பக்கம். ஒரு கோரிக்கை. சாலையின் பெயர், நீளம், அகலம், கடைசியாகப் போட்ட ஆண்டு, அந்த வழியில் இருக்கும் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் தடம். மேன்மை தங்கிய, மாண்புமிகு எல்லாம் ஒருமுறை போதும். குடிநீர், தெருவிளக்கு, கொசு, சாலை என்று நான்கையும் ஒரே மனுவில் எழுதினால் அது நான்கு மேசைக்குச் சுற்றி எங்கும் தங்காது.

புதிதாகப் போட்ட சாலை ஆறு மாதத்தில் பெயர்ந்துவிட்டது. ஊழல் என்று புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், முதலில் கையில் தாள் இருக்கட்டும். ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பீடு, ஒப்பந்தம், அளவுப் புத்தகம் மூன்றும் உண்டு. அளவுப் புத்தகம் என்பது எத்தனை மீட்டர், என்ன கனம், எவ்வளவு கலவை என்று பொறியாளர் அளந்து எழுதிக் கையெழுத்திடும் ஏடு. அதை வைத்துத்தான் பில் பாஸாகும். மூன்றின் நகலையும் தகவல் சட்டத்தில் கேட்கலாம். பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டத்தின் 2வது பிரிவு, வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. தார்ச் சாலையின் ஒரு துண்டையே மாதிரியாகக் கேட்கலாம். நான் ஒருமுறை கேட்டேன். மாதிரி கடைசிவரை வரவில்லை. ஆனால் மனு போன பத்தாவது நாள் ரோலர் வந்து அந்தச் சாலையில் மறுபடி வேலை நடந்தது.

ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒரு வரி இருக்கும். அந்தக் காலத்துக்குள் பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அவருடைய வைப்புத் தொகை அதற்காகத்தான் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. புகாரில் 'ஊழல்' என்ற சொல்லை எழுதினால் கோப்பு விசாரணைக்குப் போய்த் தூங்கும். 'பொறுப்புக் காலம் இன்ன தேதி வரை உள்ளது' என்று எழுதினால் வேலை நடக்கும். எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சாலை போடும்போது நாங்கள் என்ன பார்ப்பது? எங்களுக்கு இன்ஜினியரிங் தெரியாதே.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மில்லிங். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த கனத்துக்கே புதிதாகப் போட வேண்டும். மேலே மேலே போட்டதால்தான் சென்னையில் எத்தனையோ வீடுகள் பள்ளத்துக்குள் போயின. வாசலில் இரண்டு படி இறங்கி உள்ளே போகும் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவை கட்டும்போது இரண்டு படி ஏறிப் போன வீடுகள். 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, சுரண்டாமல் சாலை போடக் கூடாது என்று எல்லாத் துறைகளுக்கும் கடிதம் அனுப்பினார். மில்லிங் இயந்திரம் வராமல் தார் லாரி மட்டும் வந்தால் அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

வேலை பெரும்பாலும் இரவில் நடக்கும். எங்கள் தெருவில் இரவு பதினொன்றரைக்குத் தொடங்கினார்கள். ஆறு பேர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். முன்னாள் வங்கி ஊழியர் ஒருவர் வீட்டுச் சுவரில் பழைய சாலை மட்டத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தார். தெருவில் நாலு வீட்டில் இப்படிக் கோடு. விடிந்ததும் புதிய மட்டம் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று சின்னப் பையன்கூடச் சொல்லிவிடலாம்.

அடுத்தது சூடு. வழக்கமான தாரில் கலவையை விரிக்கும்போது 140 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். 90க்கு இறங்குவதற்குள் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். கலவை ஆலை தொலைவில் இருந்து, லாரி நெரிசலில் நின்று, தார்ப்பாயும் மூடாமல் வந்தால் ஆறிப்போயிருக்கும். ஆறிய கலவை எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. முதல் மழையில் ஜல்லி தனியே உருளும். பொறியாளரிடம் வெப்பமானி இருக்கும், கேளுங்கள். கலவையிலிருந்து ஆவியே எழாமல் மங்கலாகக் கிடந்தால் சந்தேகப்படுங்கள்.

கனத்தை ஸ்டீல் ஸ்கேலால் பார்க்கலாம். விரித்த கலவை உருட்டியபின் சுமார் நாலில் ஒரு பங்கு இறங்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒப்பந்தத்தில் 30 மில்லிமீட்டர் என்றால், உருட்டுவதற்கு முன்பே 30 இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

தொழிலாளர்களிடம் கத்தாதீர்கள். கொதிக்கும் தார் பக்கத்தில் ரப்பர் செருப்புப் போட்டு நிற்பவர்கள் அவர்கள். டீ வாங்கிக் கொடுத்தோம். அன்றிரவு எங்களுக்கு அதிகத் தகவல் சொன்னது ரோலர் டிரைவர்தான்.

சாலை மறியல், நாற்று நடும் போராட்டம் எல்லாம் பலன் தருமா?

சேறான சாலையில் பெண்கள் வரிசையாக நின்று நாற்று நடும் படம் பத்திரிகையில் வராத மழைக்காலம் உண்டா? மறுநாளே இரண்டு லாரி கிராவல் மண் வந்து இறங்கும். அடுத்த மழையில் அதுவும் சேறு. அவசரத்துக்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் போராட்ட நாளில் பேச்சுவார்த்தைக்கு வரும் அதிகாரியிடம், எந்தத் திட்டத்தில் எந்தத் தேதிக்குள் மதிப்பீடு அனுப்புவார் என்று எழுத்தில் வாங்குபவர்கள் குறைவு. வாய்மொழி உறுதியோடு கலைந்தவர்கள்தான் அடுத்த ஆண்டும் நாற்றுக்கட்டோடு நிற்கிறார்கள்.

எங்கள் ஊர் டவுன் பஸ்ஸைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டார்கள். என்ன செய்வது?

எண்ணுங்கள். எங்கள் பகுதியில் காலை பஸ்கள் குறைந்தபோது, வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அக்கா நிறுத்தத்தில் நின்றபடியே ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினார்: தேதி, பஸ் வந்த நேரம், உட்கார இடம் இருந்ததா, நிற்காமல் போனதா. பன்னிரண்டு நாள். அட்டவணைப்படி இருபது நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டிய தடத்தில் எழுபது நிமிட இடைவெளி ஐந்து நாள் விழுந்திருந்தது. அந்த நோட்டின் நகலோடு பணிமனைக் கிளை மேலாளரைப் பார்த்தோம். கூடவே, "இந்தத் தடத்தில் சென்ற மாதம் திட்டமிட்ட நடைகள் எத்தனை, இயக்கிய நடைகள் எத்தனை, ரத்தானதற்குக் காரணம் என்ன?" என்று தகவல் மனுவும் போட்டோம். போக்குவரத்துக் கழகத்தின் பாஷையில் ஒரு போக்கு ஒரு நடை. அந்தச் சொல்லை எழுதினால் விஷயம் தெரிந்தவர் கேட்கிறார் என்று புரிந்துகொள்கிறார்கள். வந்த பதிலில் காரணம்: ஓட்டுநர் பற்றாக்குறை. மூன்று நடைகள் திரும்ப வந்தன. ஒன்று இன்னும் வரவில்லை.

பெண்களுக்கு இலவசம் கொடுத்ததால்தான் பஸ்கள் நஷ்டத்தில் ஓடுகின்றனவா?

இல்லை. நஷ்டம் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் 2021 மே மாதம் வந்தது. பிறகு திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நீண்டது. விட்ட கட்டணத்தை அரசு கழகங்களுக்கு ஈடுசெய்கிறது. 2025-26 பட்ஜெட்டில் அதற்கு 3,600 கோடி ஒதுக்கினார்கள். ஆளில்லாமல் ஓடும் பஸ்ஸுக்குக் கிடைக்காத பணம் இது. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகச் சொன்னது. அந்த அக்காவுக்கு அது ஒரு சிலிண்டர்.

ஒரு வேண்டுகோள்: இலவசம்தானே என்று சீட்டு வாங்காமல் இருக்காதீர்கள். பூஜ்யக் கட்டணச் சீட்டு உங்களைக் கணக்கில் சேர்க்கும் சீட்டு. சீட்டுக் குறைந்தால் அந்தத் தடத்தில் கூட்டமில்லை என்று காகிதம் சொல்லும்.

கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றினால் சேவை சீராகுமே?

கடைசியாக ஏற்றியது 2018 ஜனவரியில். ஏற்றிய சில நாளிலேயே எதிர்ப்பு கிளம்பி ஓரளவு குறைத்தார்கள். பல ஆண்டு விட்டு ஒரேயடியாக ஏற்றுவது மோசமான வழி. ஏற்றாமலே விட்டு, பழைய பஸ்ஸைத் தகரம் தட்டி ஓட்டுவதும் அப்படித்தான். என் வாதம், கட்டணத்தைத் தொடாமல் அரசு பட்ஜெட்டிலிருந்து ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்கட்டும் என்பது. சென்னையில் 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து கிளம்பிய 120 மின்சாரப் பஸ்கள் இந்தக் கிலோமீட்டர் கணக்கில்தான் தனியார் மூலம் ஓடுகின்றன. தனியார்மயம் என்று தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன; அந்தப் பயம் ஆதாரமற்றதில்லை. அதே கணக்கை அரசுக் கழகத்துக்கும் கொடுத்துப் பார்க்கலாமே என்பது என் கேள்வி.

மெட்ரோவுக்கு மட்டும் பணம் எப்படி வருகிறது?

கடனாக வருகிறது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டியும் நாலு ஆண்டு மாநிலமே சுமந்தது. 2024 அக்டோபர் 3 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தபின் கணக்கு மாறியது: 33,593 கோடி கடன் ஒன்றியத்தின் பொறுப்பில், பங்கு மூலதனமும் துணைக் கடனுமாக ஒன்றியம் தருவது 7,425 கோடி, மாநிலம் 22,228 கோடி. கடன் தருவோர் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவர்கள்.

மெட்ரோவில் அன்றாடம் போகிறவர்கள் சுமார் 3 லட்சம். மாநகரப் பஸ்களில் 30 லட்சத்துக்கும் மேல். மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை. வயதான காலத்தில் எஸ்கலேட்டரின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் மெட்ரோவுக்கு வெளிநாட்டு வங்கி, ஒன்றிய அமைச்சரவை, அடிக்கல் விழா எல்லாம் உண்டு. காலை 7.40 பஸ்ஸுக்கு நாற்பது பக்க நோட்டு மட்டும்தான்.

நடைபாதை, தாழ்தளப் பஸ் இவற்றுக்கெல்லாம் யார் குரல் கொடுப்பது?

கொடுத்திருக்கிறார்கள். 2014ல் சென்னை மாநகராட்சி மோட்டார் அல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. நடப்போருக்கும் சைக்கிளுக்கும் சாலை நிதியில் பெரும்பங்கு என்று அதில் எழுதியிருக்கிறது. பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019ல் திறந்தது. அதன் பிறகு உங்கள் வார்டில் எத்தனை அடி நடைபாதை வந்தது என்று அந்தக் கொள்கையைக் காட்டிக் கேளுங்கள்.

தாழ்தளப் பஸ் வந்தது நீதிமன்றத்தில் பல ஆண்டு நடந்த பொதுநல வழக்கால். சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏற முடியாத பஸ்ஸை அரசு வாங்கக் கூடாது, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது என்று வாதாடினார்கள். வாங்கும் பஸ்களில் ஒரு பங்கு தாழ்தளமாக இருக்க வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில் அவை சென்னையில் மீண்டும் ஓடத் தொடங்கின. பிள்ளையை இடுப்பில் வைத்து ஏறும் தாய்மாரும் முட்டிவலிக்காரர்களும் இன்று அந்த வழக்கின் பலனில்தான் ஏறுகிறார்கள்.

குழியில் விழுந்து அடிபட்டால் யாரைப் பிடிப்பது?

2013 முதல் 2017 வரை இந்தியாவில் குழிகளால் இறந்தவர்கள் 14,926 பேர் என்ற கணக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள்: சாலையைத் தரப்படி அமைக்காமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் வரை அபராதம். உயிருக்கு ஒரு லட்சம்தானா என்று கேட்காதீர்கள். விபத்து நடந்த அன்றே குழியின் ஆழத்தை அளந்து, படம் எடுத்து, காவல் நிலையப் புகாரில் அந்தக் குழியைக் குறிப்பிடச் சொல்லுங்கள். 'கவனக்குறைவாக ஓட்டியதால்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது. மறுநாள் அந்தக் குழி மூடப்பட்டிருக்கும்.

மனு வாங்கியதற்கு ரசீது தர மாட்டேன் என்கிறார்களே?

விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 2025ல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்க்கும் வரை நான் அதில்தான் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய அந்த அட்டைகள் இருக்கின்றன.

உங்கள் தெருவுக்குக் கடைசியில் சாலை வந்ததா? எத்தனை நாளாயிற்று?

வந்தது. சரியான துறைக்கு முதல் மனு கொடுத்ததிலிருந்து மூன்று பட்ஜெட். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டாமல், நல்ல கனத்தில் போட்டார்கள். பதினோராவது நாள் குடிநீர்க் குழாய்க்காக நடுவில் தோண்டினார்கள். தோண்டுவதற்கு அனுமதி வாங்கினார்களா, மூடுவதற்கான கட்டணத்தைச் செலுத்தினார்களா என்று கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். முப்பது நாள் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.